பதினோரு புள்ளி

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று நீங்கள் போனை வைத்த வேகத்தில் என் காது இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. உடனே திரும்பக் கூப்பிட்டேன். அண்ணன் எடுத்து, "அவ குளிக்கிறா" என்றார். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டேன். "இன்னும் குளிக்கிறா" என்றார். உங்கள் வீட்டுக் குழாயில் அவ்வளவு தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். அவரும் வைத்துவிட்டார். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா?

நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு முறை சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் உங்கள் ஆய்வேட்டின் முதல் பிரதியை எனக்கு அனுப்பினீர்கள். 'மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணியின் ஆயுள்.' தலைப்பைப் பார்த்ததுமே எனக்குப் பெருமை தாங்கவில்லை. பகலெல்லாம் முப்பது பேரை வைத்து ஒரு மருத்துவமனையின் துணி முழுவதையும் வெளுத்துவிட்டு, மாலையில் கல்லூரி பெஞ்சில் போய் உட்காரும் அண்ணி எத்தனை பேருக்கு இருக்கிறார்? நூலகத்தில் எல்லோரிடமும் காட்டினேன். அப்புறம் படிக்க உட்கார்ந்தேன். கையில் சிவப்புப் பேனா இருந்தது. அதுதான் வினை.

'பெரும்பாலான படுக்கை விரிப்புகள் நூற்றிருபது சலவைகூடத் தாங்குவதில்லை' என்று எழுதியிருந்தீர்கள். ஓரத்தில் 'ஆதாரம்?' என்று எழுதினேன். அப்படி மொத்தம் முப்பத்தொரு இடம். நீங்கள் இணையத்தில் தேடி, அதை 'நூற்றெண்பது சலவை தாங்கும்' என்று மாற்றி, நான்கு தளங்களை அடிக்குறிப்பில் போட்டு, என்னிடம் காட்டாமலே பேராசிரியரிடம் கொடுத்துவிட்டீர்கள். அவர், 'நான்கு மூலங்களிலும் ஒரே வாக்கியம். இவை நம்பத் தகுந்தவையா? மார்ச் 28க்குள் சரிசெய்து தரவும். இல்லையேல் அடுத்த ஆண்டுதான்' என்று எழுதித் திருப்பிவிட்டார்.

நேற்று நீங்கள் கேட்டது சரிதான். "நீ ஆதாரம் கேட்ட, குடுத்தேன். இப்ப அவரு அது வேணாங்கறாரு. நான் யாரு பேச்சைத்தான் கேக்கறது?" அதற்கு நான், "நான் ஆதாரம் கேட்டேன் அண்ணி, எதிரொலியைக் கேக்கல" என்று சொல்லியிருக்கக் கூடாது. அதாவது, சொன்னது தப்பில்லை. சொன்ன விதம் தப்பு.

ஒரு வதந்தியை நான்கு பேர் சொன்னால் அது நான்கு சாட்சி ஆகிவிடாது, அண்ணி. உதவி செய்ய நான் தயார். நீங்கள் குளித்து முடித்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
கேள்வி


பிப்ரவரி 11

கேள்விக்கு,

குளித்து முடித்துவிட்டேன்.

உனக்கு இந்தப் பெயரை வைத்த உன் அண்ணனைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எதற்கெடுத்தாலும் ஏன், எப்படி என்று நச்சரித்த பொடிசுக்கு ஆசையாகப் பெயர் வைத்தார். அந்தப் பொடிசு நூலகராகி, ஊரான் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, இப்போது என்னிடம் வந்திருக்கிறது. உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "அவ சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்கு" என்றார். நான் பார்த்த பார்வையில், "நீ சொல்றதுலயும் இருக்கு" என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த மத்தளம் தானே போய் இரண்டு பக்கமும் முட்டிக்கொள்கிறது.

இப்போது என் பக்கத்தைக் கேள். போன முறை உன்னைப் பார்க்க வந்தபோது, உன் நூலகச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். மாணவர்களுக்கு நீ எழுதிவைத்த ஐந்து கேள்வி. எழுதியவர் யார்? எப்போது எழுதியது? யாருக்காக எழுதியது? ஆதாரம் காட்டியிருக்கிறதா? வேறு இடங்களிலும் இதையே சொல்கிறார்களா? அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தேடினேன். எழுதியவர் பெயர் இருந்தது. தேதி இருந்தது. விளம்பரம் இல்லை. கீழே ஆதாரம் என்று இணைப்பு இருந்தது. வேறு மூன்று இடத்தில் அதையே சொல்லியிருந்தார்கள். ஐந்துக்கு ஐந்து. உன் பரீட்சையில் தேறியதைத்தான் போட்டேன். கேட்டால் எதிரொலி என்கிறாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டால் புளித்துப்போகும். இரண்டாம் ஆண்டுப் படிப்பை விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு வந்தவள் நான். உன் அம்மா படுத்த படுக்கை. நீ பதினொரு வயதுப் பிள்ளை. நான் துவைத்துப் போட்ட சீருடையில்தான் நீ பள்ளிக்கூடம் போனாய், கல்லூரிக்குப் போனாய். அதற்கு யாரும் என்னிடம் ஆதாரம் கேட்கவில்லை. இப்போது இருபத்தாறு வருஷம் கழித்து என் படிப்பை முடிக்கலாம் என்று உட்கார்ந்தால், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. பத்தொன்பது வருஷமாக இந்தக் கையில் வராத விரிப்பா? நூற்றிருபது என்று நான் சொன்னால் நம்ப மாட்டாய். எவனோ இணையத்தில் நூற்றெண்பது என்றால் அது ஆதாரம். நல்ல ஞாயம்!

நான் எப்போதும் சொல்வதுதான். துணி துவைக்கிறதில் கிழியாது, முறுக்குகிறதில்தான் கிழியும். நீ ரொம்ப முறுக்குகிறாய்.

உன் சிவப்புப் பிரதியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், நீயே வைத்துக்கொள். கட்ட வேறு கயிறு கிடைக்கவில்லை. சலவைக்கூடத்து நாடாதான். அவ்வளவு தெரிந்தவள் என்றால், அந்த நூற்றெண்பதை முதலில் சொன்னவன் யார் என்று நீயே கண்டுபிடித்துச் சொல். அவனிடம் எனக்கும் நாலு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது.

அண்ணி


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

கட்டு வந்தது. சீருடை விஷயத்தைப் படித்தேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டும், ஆனால் இன்றைக்கு இல்லை. அவசரத்தில் எழுதினால் அதுவும் வாதம் போலவே வந்துவிடும். முதலில் நீங்கள் கொடுத்த வேலையைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை மதியம் மாணவர் கூட்டம் குறைந்ததும் உங்கள் நான்கு தளங்களையும் திறந்தேன். முதல் தளம், 'ஆய்வுகள் கூறுகின்றன' என்கிறது. எந்த ஆய்வு? இணைப்பைத் தொட்டால் இரண்டாம் தளத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. அது, 'நிபுணர்கள் கண்டறிந்துள்ளனர்' என்று மூன்றாம் தளத்தைக் காட்டுகிறது. மூன்றாவது நான்காவதைக் காட்டுகிறது. நான்காவது எதைக் காட்டுகிறது தெரியுமா? முதல் தளத்தை! நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூன்று சுற்று சுற்றினேன். நான்கு பேர் வட்டமாக நின்று, ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டி "அவருதான் சொன்னாரு" என்கிறார்கள்.

இனி வரப்போவது எனக்குக் கசப்பு. நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். அந்த முதல் தளம் எங்கள் நூலகத்தின் 'மாணவர் நம்பிப் பயன்படுத்தக்கூடிய தளங்கள்' பட்டியலில் இருக்கிறது. பட்டியலைத் தயாரித்தவள் நான். மூன்று வருஷத்துக்கு முன் இதே ஐந்து கேள்வியைக் கேட்டுத்தான் சேர்த்தேன். ஆதாரம் காட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். காட்டியிருந்தது. அந்த ஆதாரத்தைத் திறந்து பார்க்கவில்லை. கதவு இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, கதவுக்குப் பின்னால் வீடு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கேப்பையில் நெய் வடிகிறது என்று யாரோ சொன்னதை நானே பலகை போட்டு மாட்டியிருக்கிறேன்.

ஆக, நீங்கள் என் பரீட்சையில் தேறியதைத்தான் போட்டீர்கள் என்றது முழு உண்மை. எதிரொலி என்று சொன்னதற்கு மன்னிப்பு, இந்த முறை விதத்துக்கு மட்டும் இல்லை.

ஒரு வழி கிடைத்திருக்கிறது. நான்காம் தளத்தின் ஏழு வருஷத்துக்கு முந்தைய பக்கம் இணையக் காப்பகம் ஒன்றில் அப்படியே இருக்கிறது. அப்போது அதன் அடியில் வேறொரு ஆதாரம் இருந்திருக்கிறது. சோப்பு உற்பத்தியாளர் சங்கத்தின் செய்தி மடல், பதினோரு வருஷத்துக்கு முந்தைய இதழ். இணையத்தில் இல்லை, காகிதத்தில் மட்டும்தான். ஒரு தொழில்நுட்பக் கல்லூரி நூலகத்தில் அந்த வருஷத்துக் கட்டு இருக்கிறதாம். அங்கே இருக்கும் நூலகரிடம் நகல் கேட்டிருக்கிறேன். பிடித்துவிடுவேன்.

அன்புடன்,
கேள்வி


பிப்ரவரி 25

கேள்விக்கு,

சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். இஸ்திரி உருளைப் பக்கம் நின்று படித்தேன், எல்லோரும் என்ன என்ன என்று வந்துவிட்டார்கள். "எங்க நாத்தனாரு தப்பு பண்ணிட்டேன்னு எழுதியிருக்கா" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை என்றதும் ஒரு அம்மா கையையே தட்டிவிட்டாள்.

அப்புறம் வீட்டுக்கு வந்து இன்னொரு முறை படித்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை. உன் பலகையை நம்பி எத்தனை பிள்ளைகள் அதை எழுதியிருக்கும் என்று நீ உள்ளுக்குள் வேகிறாய் என்று தெரிந்தது. போகட்டும் விடு. மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்தை.

என் நிலைமைதான் இழுபறி. மார்ச் 28 வந்துகொண்டே இருக்கிறது. பேராசிரியர் நல்ல மனிதர், ஆனால் தேதியில் அசைய மாட்டார். நேற்று வகுப்பு முடிந்து போய்க் கேட்டேன். "நம்பர் பெருசா சின்னதாங்கறது இல்லம்மா. அது எங்கேருந்து வந்துச்சுன்னு நீங்க எனக்குச் சொல்லணும்" என்றார். எங்கேயிருந்து வந்தது என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படிச் சொல்வது? இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் மறுபடி பதிவு, மறுபடி வருகை, மறுபடி அந்த பெஞ்சு. என்னால் முடியாது. விட்டுவிடலாமா என்று நேற்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். உன் அண்ணனிடம் சொல்லவில்லை, உனக்குத்தான் சொல்கிறேன்.

அந்த ஆளைச் சீக்கிரம் பிடி.

அண்ணி


மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

பிடித்துவிட்டேன்.

செய்தி மடல் நகல் இன்று காலை வந்தது. அதற்கு இன்னொரு பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் அதைப் பிரிப்பதற்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள். தண்ணீர் ஒரு டம்ளர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

எட்டாம் பக்கம், இடது பத்தி. நானே எழுதிவிடுகிறேன்: 'பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் இருபதாண்டு அனுபவமுள்ள பெண் மேற்பார்வையாளர் ஒருவர் நம்மிடம் தொலைபேசியில் கூறியது: நாங்கள் ஒரு விரிப்பை நூற்றெண்பது சலவை வரைக்கும் வைத்திருக்கிறோம். துணி துவைக்கிறதில் கிழியாது சார், முறுக்குகிறதில்தான் கிழியும்.'

அண்ணி, இந்த மேற்பார்வையாளரை உங்களுக்குத் தெரியுமா?

நான் வாசலிலேயே நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே நின்று. அப்புறம் உங்களை நினைத்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. உங்களுக்கு இது எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. அதனால் மேலே எதுவும் எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். சிவப்புப் பிரதியைக் கட்டி அனுப்பினீர்களே, அந்த நாடாவில் வரிசையாகக் கருப்பு மையில் புள்ளி இருக்கிறது. எண்ணினேன், பதினொன்று. அது என்ன?

அன்புடன்,
கேள்வி


மார்ச் 9

கேள்விக்கு,

ஐயோ, ஐயோ, ஐயோ.

தண்ணீர் எடுத்துவைக்காமல் பிரித்துவிட்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இப்படி அச்சில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. அவனிடம் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று உனக்கு எழுதினேனே. கண்ணாடி முன்னால் போய் நின்று கேட்க வேண்டியதுதான்.

நினைவு வந்துவிட்டது. அன்றைக்குப் பெரிய இயந்திரம் நின்றுபோய், முந்நூறு விரிப்பு சொட்டச் சொட்டக் கிடந்தது. பழுது பார்க்கிறவருக்காகக் காத்திருந்தேன். போன் அடித்தது, அவர்தான் என்று ஓடிப்போய் எடுத்தேன். பார்த்தால் யாரோ பத்திரிகைக்காரர். "மேடம், ஒரு விரிப்பு எத்தனை சலவை தாங்கும்?" என்றார். தெரியலை சார் என்று வைத்திருக்கலாம். அதற்குள் அவர், "இன்னொரு மருத்துவமனையில நூத்தம்பதுன்னாங்க" என்று ஒரு வார்த்தையைப் போட்டார். அவ்வளவுதான், எனக்குள் இருந்த வீறாப்பு எழுந்து நின்றுவிட்டது. நாம் என்ன அவர்களுக்குக் குறைச்சலா? "நாங்க நூத்தியெண்பது வரைக்கும் வெச்சிருக்கோம்" என்று அளந்துவிட்டேன். அப்புறம் ஒரு தத்துவம் வேறு. அந்த இருபதாண்டு அனுபவம் மட்டும் நான் சொன்னதில்லை, சத்தியமாக. அப்போது எனக்கு எட்டு வருஷம்தான். ஆக, நான் விரிப்பை நீட்டினேன், அவர் என்னை நீட்டிவிட்டார்.

பதினோரு வருஷம் கழித்து அந்தப் பொய் நாலு ஊர் சுற்றி, கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு என்னிடமே வந்திருக்கிறது. நான் எழுந்து நின்று வணக்கம் சொல்லி அடிக்குறிப்பில் உட்கார வைத்திருக்கிறேன். என் கைக்குத் தெரிந்த நூற்றிருபதை அடித்துவிட்டு!

இப்போது ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அந்தச் செய்தி மடல் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் இருக்கிறது. நகல் உன்னிடமும் என்னிடமும் மட்டும்தான். காதும் காதும் வைத்த மாதிரி கிழித்துப் போட்டுவிட்டால் என்ன? நூற்றெண்பதையும் எடுத்துவிடுகிறேன், நூற்றிருபதையும் எடுத்துவிடுகிறேன், எண்ணே இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுத்துவிடுகிறேன். தேறாவிட்டாலும் மானமாவது மிஞ்சும். முப்பது பேர் என் கீழே வேலை செய்கிறார்கள். "மேடமே கதை விட்டிருக்காங்க" என்று ஆகிவிட்டால், நாளைக்கு நான் யாரைப் போய் "ஒழுங்கா எண்ணிச் சொல்லு" என்று அதட்டுவது? எனக்கு அழுகையே வந்துவிட்டது, தெரியுமா?

நாடாவைக் கேட்டாய். அது ஒன்றுமில்லை, எங்கள் வேலை வழக்கம். ஐம்பது விரிப்பு ஒரு கூட்டு. ஒன்றாகத்தான் இயந்திரத்துக்குள் போகும், ஒன்றாகத்தான் வெளியே வரும். ஒவ்வொரு பத்தாவது சலவைக்கும் ஓரத்தில் துணி மையால் ஒரு புள்ளி வைப்போம். புள்ளி குறைந்தது அறுவை அறைக்கு, நடுத்தரம் நோயாளி அறைகளுக்கு, நிறைய புள்ளி உள்ளது தள்ளுவண்டி விரிப்புக்கு. ஏழு வருஷத்துக்கு முன் நான்தான் ஆரம்பித்து வைத்தேன். கிழிந்த பிறகு துடைக்கிற துணியாக வெட்டும்போது, ஓரப்பட்டையை மட்டும் தனியே எடுத்து மூட்டை கட்டும் நாடாவாக வைத்துக்கொள்வோம். எதையும் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. மூலையில் இரண்டு மூட்டை கிடக்கிறது.

பதில் போடு. சீக்கிரம் போடு.

அண்ணி


மார்ச் 12

அண்ணி, அண்ணி, அண்ணி!

தபால் வந்த பத்தாவது நிமிடத்தில் எழுதுகிறேன். நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை. 'அது ஒன்றுமில்லை' என்கிறீர்களே! பத்து சலவைக்கு ஒரு புள்ளி. கிழிந்துபோன விரிப்பின் ஓரத்தில் எத்தனை புள்ளி இருக்கிறதோ, அதுதான் அதன் ஆயுள். ஒருவர் இருவர் சொன்னதில்லை, கையோடு கையாகக் குறித்தது. இதைத்தானே நான் முப்பத்தொரு இடத்தில் சிவப்பு மையில் கேட்டேன்? என் கேள்வியை உங்கள் பதிலாலேயே கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். நானும் மூன்று வாரமாக அதை மேஜை மேல் வைத்துக்கொண்டு நான்கு தளத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.

இன்றே எண்ண ஆரம்பியுங்கள். இரண்டு மூட்டையும். ஒரு நாடாவையும் விடாதீர்கள். உங்களுக்குப் பிடிக்காத கணக்கு வந்தாலும் அதையும் எழுதுங்கள்.

அந்த நகலைக் கிழிக்கச் சொன்னீர்கள். கிழிக்க மாட்டேன். உங்கள் நகலை நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், அது உங்கள் மானம், நான் சொல்வதற்கில்லை. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போல எண்ணே இல்லாத ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் வேறொரு பிள்ளை அந்த நூற்றெண்பதை எடுத்து எழுதும்போது உங்களுக்குத் தூக்கம் வருமா? எனக்கு வராது. அதனால் என் பலகையைக் கழற்றித் திருத்தி மாட்டிவிட்டேன். பட்டியலில் அந்தத் தளம் இருந்த இடத்தில், 'இதைச் சேர்த்தது என் தவறு, ஆதாரத்தைத் திறந்து பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போடும்போது காது சுட்டது. போட்ட பிறகு ஒன்றும் ஆகவில்லை. மாணவர்கள் வழக்கம்போல மின்விசிறி போடச் சொல்லி வந்தார்கள். சுவரில் இருந்த ஐந்தாம் கேள்வியையும் மாற்றிவிட்டேன். 'வேறு இடங்களிலும் சொல்கிறார்களா?' என்பதை எடுத்துவிட்டு, 'இதை முதலில் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும்?' என்று எழுதியிருக்கிறேன். நூற்றிருபது என்று நீங்கள் சொன்னபோது, எப்படித் தெரியும் அண்ணி என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அன்றைக்கே புள்ளியைக் காட்டியிருப்பீர்கள். ஓரத்தில் 'ஆதாரம்?' என்று கிறுக்கிவிட்டேன். அது கேள்வி இல்லை, அதட்டல்.

இப்போது சீருடை. பதில் சொல்கிறேன் என்றேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியை என் சட்டைக் கழுத்துப்பட்டியைத் தொட்டுப் பார்த்து, "யாரும்மா உனக்குத் துவைக்கிறது?" என்று கேட்டார். "எங்க அண்ணி" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த கர்வம் வேலை கிடைத்தபோதுகூட இல்லை. அவரிடம் சொன்னேன், உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. நீங்கள் விட்ட படிப்பில்தான் நான் படித்தேன். எனக்கு அது எப்போதும் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தது தப்பு. உங்கள் ஆய்வேடு என் கைக்கு வந்தபோது, அது எங்கும் ஓட்டையில்லாமல் இருக்க வேண்டும், யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்ற வெறியில்தான் அத்தனை சிவப்பு மை. அன்பை அப்படிக் காட்டுவது மடத்தனம்தான். எனக்கு வேறு விதம் தெரியவில்லை.

எண்ணுங்கள் அண்ணி. பதினாறு நாள் இருக்கிறது.

கேள்வி


ஏப்ரல் 10

என் அருமைக் கேள்விக்கு,

தேறிவிட்டேன்!

இதை முதல் வரியில் எழுத வேண்டும் என்றுதான் உனக்குப் போன் செய்யாமல் வைத்திருந்தேன். உன் அண்ணன் உளறியிருப்பார். உளறியிருந்தாலும் தெரியாத மாதிரி படி.

உன் கடிதத்தை இரண்டு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். கழுத்துப்பட்டிப் பத்தியை மட்டும் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆதாரம் கேட்பாய். மூன்றாம் நாள் இரண்டு மூட்டையையும் மேஜை மேல் கொட்டினேன். முப்பது பேரையும் கூப்பிட்டு, பதினோரு வருஷத்துக்கு முன் நான் விட்ட கதையை நானே சொல்லிவிட்டேன். யாராவது சொல்லி அவர்கள் கேட்பதற்கு நானே சொல்வது மேல். இஸ்திரி போடும் அந்தக் கைதட்டல் அம்மா, "நூத்தியெண்பதா? எங்களை வெச்சா? அப்ப நாங்க ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்கோம் மேடம்" என்றாள். ஒரே சிரிப்பு. நான் எதற்காக அழுதேனோ, அது அவ்வளவுதான்.

சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் உட்கார்ந்து எண்ணினார்கள். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் எண்ணிச் சரிபார்த்தார். மொத்தம் நானூற்று அறுபத்து மூன்று நாடா. பத்துப் புள்ளி வைத்தது எழுபத்தொன்று. பதினோரு புள்ளி வைத்தது இருநூற்று எண்பத்தாறு. பன்னிரண்டு தொண்ணூற்றேழு. பதின்மூன்று வெறும் ஒன்பது. பதினெட்டுப் புள்ளி வைத்த துணி ஒன்றுகூட இல்லை. ஆக, முதல் பிரதியில் நான் எழுதியது சரி. முக்கால் பங்குக்கு மேல் நூற்றிருபதைத் தொடவே இல்லை. இதை மட்டும் சட்டம் போட்டு உன் மேஜையில் வைத்துக்கொள்.

சொன்ன தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். நேற்று வாய்மொழித் தேர்வு. பேராசிரியரும் வெளியிலிருந்து வந்த இன்னொருவரும். வெளியிலிருந்து வந்தவர் அடிக்குறிப்பைப் புரட்டி, "நூத்தியெண்பதுங்கற நம்பர் பல இடத்துல இருக்கு. அது தப்புன்னு இவ்வளவு உறுதியா எழுதியிருக்கீங்களே, எப்படி?" என்றார்.

"அதை முதல்ல சொன்ன ஆளு யாருன்னு கண்டுபிடிச்சோம் சார். அந்தம்மா எண்ணிப் பார்க்காம சொல்லிட்டாங்க."

"அதை அவங்களே ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க சார். நான்தான் அது."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பேராசிரியர் குனிந்து ஆய்வேட்டைப் பார்த்த மாதிரி இருந்தார், தோள் குலுங்கியது. அப்புறம் பையிலிருந்து ஒரு கட்டு நாடாவை எடுத்து மேஜை மேல் வைத்தேன். இருவரும் சின்னப் பிள்ளை மாதிரி ஆளுக்கொன்றாக எடுத்துப் புள்ளியை எண்ணினார்கள். பத்து நிமிடம் என்னை மறந்தே போனார்கள். கடைசியில், அந்தம்மா நான்தான் என்பதையும் அடிக்குறிப்பில் சேர்த்துவிடச் சொன்னார்கள், சேர்த்துவிட்டேன்.

நான்கு தளத்துக்கும் விஷயத்தை எழுதிப் போட்டேன். மூன்று பேரிடமிருந்து மூச்சு இல்லை. ஒருவர் மட்டும் திருத்திவிட்டார். இப்போது அங்கே, 'நூற்றுப்பத்து முதல் நூற்றிருபது வரை என்கிறார் நாற்பதாண்டு அனுபவமுள்ள பெண் நிபுணர்' என்று இருக்கிறது. என் வயதே நாற்பத்தாறு. தொட்டிலிலிருந்தே துவைக்க ஆரம்பித்துவிட்டேன் போல. மறுபடி எழுதப் போகிறேன்.

ஆய்வேட்டில் நன்றி சொல்லும் பக்கத்தில் உன்னைச் சேர்த்திருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். உன் பிரதி தனியே வருகிறது. விடுமுறைக்கு இரண்டு வாரமாவது வந்து இரு. உன் அண்ணன் இப்போதே யாருக்கு முதலில் தலையாட்டுவது என்று பழகிக்கொண்டிருக்கிறார்.

உன்
அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

விடுமுறை முடிந்து நூலகம் திறந்து ஐந்து நாள் ஆகிறது. உங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த உற்சாகம் இன்னும் தீரவில்லை. நன்றிப் பக்கத்தில் 'என்னை நம்பாமல் கேட்ட என் நாத்தனாருக்கு' என்று எழுதியிருப்பதைச் சக ஊழியர்கள் எல்லோரும் படித்துவிட்டார்கள். யாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை, உங்களைப் பார்த்துத்தான் பட்டார்கள்.

உங்கள் ஆய்வேடு முறைப்படி எங்கள் அலமாரிக்கு வந்துவிட்டது. எண் ஒட்டி, அட்டை போட்டு, துணித் தொழில்நுட்ப வரிசையில் மூன்றாம் தட்டில் வைத்திருக்கிறேன். பட்டியலிலும் சேர்த்துவிட்டேன், அந்தத் தளத்தை எடுத்த அதே இடத்தில். உறவு என்று சேர்க்கவில்லை. புதிய ஐந்து கேள்வியையும் கேட்டுத்தான் சேர்த்தேன்.

நேற்று ஒரு மாணவி அதை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். விடுதித் துணிகளைப் பற்றி ஏதோ கட்டுரையாம். அடிக்குறிப்பைப் படித்திருக்கிறாள். விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு, சந்தேகத்தோடு நின்றாள்.

"மேடம், இவங்க முதல்ல தப்பா சொல்லியிருக்காங்கன்னு இவங்களே எழுதியிருக்காங்க. இவங்களை நம்பலாமா?"

"அதனாலதான்மா நம்பலாம்" என்றேன்.

அவள் உட்கார்ந்து நாடாக் கணக்கைத் தன் நோட்டில் எழுதிக்கொள்ள ஆரம்பித்தாள். இருநூற்று எண்பத்தாறு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினாள். கூட்டிப் பார்த்தாள், நானூற்று அறுபத்து மூன்று சரியாக வருகிறதா என்று. வந்தது. நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், அண்ணி. அந்தப் பழைய ஆசிரியை மாதிரி அவளும் நிமிர்ந்து, "யாரு மேடம் இது?" என்று கேட்டாள்.

"எங்க அண்ணி" என்றேன்.

கேள்வி